ஸ்டாண்டர்ட் ஆங்கிலத்தை உருவாக்கியது யார்? லண்டன்காரர்கள் பேசியதுதான் அதுவா?

யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு உருவாக்கவில்லை. முதலில் அலுவலக எழுத்தர்கள், அப்புறம் அச்சுக்காரர்கள். இலக்கணக்காரர்கள் வந்து சேர்ந்தபோது பந்தியே முடிந்துவிட்டது.

1066-ல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததிலிருந்து அரசாங்கக் காகிதமெல்லாம் லத்தீனும் பிரெஞ்சும்தான். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அவரவர் வட்டார வழக்கில் எழுதினார்கள். 1417-ல் பிரான்சில் போர் நடத்திக்கொண்டிருந்த இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஹென்றி, ஊருக்கு அனுப்பும் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுத வைத்தார். அதைப் பார்த்து 1422 வாக்கில் லண்டன் மது காய்ச்சுவோர் சங்கமும் தன் பதிவேட்டை ஆங்கிலத்துக்கு மாற்றியது. அவர்கள் எழுதி வைத்த காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ராஜாவே ஆங்கிலத்தில் எழுதுகிறார், நம்மில் பலருக்கு ஆங்கிலம் எழுதப் படிக்க வரும், லத்தீனும் பிரெஞ்சும் வராது. (வக்கீல்கள் மட்டும் அசையவில்லை. நடுவில் ஒரு பத்து வருடம் போக, 1733 வரை நீதிமன்றப் பதிவுகள் லத்தீனில்தான்.)

லண்டன் பேச்சுதானா என்றால், பாதி சரி. அந்த லண்டன் பேச்சையே வந்தேறிகள் மாற்றிவிட்டார்கள். 14-ம் நூற்றாண்டில் லண்டனுக்கு வடக்கே இருக்கும் கிழக்கு மிட்லண்ட்ஸ் பகுதியிலிருந்து நிறையப் பேர் லண்டனில் குடியேறினார்கள். 'தே, தெம், தேர்' (they, them, their) மூன்றும் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் கொண்டுவந்த சொற்கள். வடக்கிலிருந்து மெல்ல இறங்கியவை. 1400-ல் இறந்த லண்டன் கவிஞர் சாசர் 'தே' என்று எழுதுவார், ஆனால் 'தெம்' வரவேண்டிய இடத்தில் பழைய 'ஹெம்' (hem)தான் போடுவார். அடுத்த நூறு வருடத்துக்குள் மூன்றும் லண்டன் எழுத்தில் ஊன்றிவிட்டன.

1476-ல் காக்ஸ்டன் என்ற அச்சுக்காரர் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் இறுகியது. உச்சரிப்போ அதே காலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 'நைஃப்' (knife) என்பதன் முன்னால் சும்மா நிற்கும் 'கே' ஒரு காலத்தில் வாயிலும் இருந்ததுதான். கடன் என்று பொருள்படும் 'டெட்' (debt) நடுவில் இருக்கும் 'பி' கதை வேறு. லத்தீன் மூலத்தைக் காட்டவேண்டுமென்று படித்தவர்கள் செருகியது அது. வீண் வேலை.

1712-ல் எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட், மொழியைக் கட்டிக்காக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று கேட்டார். நடக்கவில்லை. 1755-ல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனும் மொழியை நிறுத்திவைக்கலாம் என்ற ஆசையோடு தொடங்கியவர்தான். எந்த அகராதியாலும் அது முடியாது என்று முன்னுரையில் அவரே எழுதினார். 1828-ல் அமெரிக்கரான நோவா வெப்ஸ்டர் அமெரிக்காவுக்கென்று தனி அகராதியே போட்டுவிட்டார்.