நீலத்தின் மேல் வெள்ளையா, வெள்ளையைச் சுற்றி நீலமா?

கருநீல அக்ரிலிக் மேல் ஸ்டென்சில் வைத்து வெள்ளையில் அசனோஹா (சணல் இலை நட்சத்திரம் போன்ற அந்த ஜப்பானியக் கோலம்) போட்டால் ஓரம் கசிகிறது, கசியாத இடமும் ஸ்டிக்கர் ஒட்டியது போலிருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

கசிவுக்கு வைத்தியம் சுலபம். ஸ்டென்சிலை வைத்ததும் முதலில் அதே நீலத்தை ஓரங்களில் ஒற்றிக் காயவிடுங்கள். உள்ளே புகுவது நீலம்தான், இடுக்கும் அடைபடும். பிறகு கிட்டத்தட்ட உலர்ந்த ஸ்பாஞ்சால் வெள்ளை.

ஸ்டிக்கர் தோற்றத்துக்குக் காரணம் நீங்கள் போகும் வரிசை. ஜப்பானில் அவுரிச் சாயத்தில் செய்யும் கட்டாஸோமே (ஸ்டென்சில் வைத்துச் சாயமிடும் முறை) துணியில் வெள்ளை பூசுவதே இல்லை. பசையரிசி மாவையும் தவிட்டையும் வேகவைத்துப் பிசைந்த பசையை ஸ்டென்சில் வழியாகத் துணியில் தேய்ப்பார்கள். பசை இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. கழுவினால் துணியின் சொந்த வெள்ளை தெரியும். அந்த ஸ்டென்சிலும் காகிதம்தான்: வாஷித் தாள்களை (ஜப்பானியப் பாரம்பரியக் காகிதம்) சீமைப்பனிச்சைச் சாற்றால் ஒட்டிக் கையால் வெட்டுவது. மியே மாநிலத்துச் சுசுகா இதற்குப் பேர்போன ஊர்.

நீங்கள் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தித் தாளில் மாஸ்கிங் ஃப்ளூயிடால் (காய்ந்ததும் ரப்பர் போல உரிந்து வரும் திரவம், அதுதான் உங்கள் பசை) கோலத்தை வரையுங்கள். பிரஷ்ஷை முதலில் சோப்பில் தோய்த்துக்கொள்ளுங்கள், நான் இரண்டைப் பலிகொடுத்தாயிற்று. மேலே இண்டிகோ வாட்டர்கலரை மெலிதாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்தபின். துணியையும் பலமுறை முக்கித்தான் ஆழ்ந்த நீலம் எடுப்பார்கள். கடைசியில் உரித்தெடுங்கள், நாள்கணக்கில் விட்டால் தாளும் சேர்ந்து வரும்.