கடைவீட்டுக்குள் ஒரு கப்பல்

கேள்வி: நாங்கள் பட்டர்வொர்த்தில் இயங்கும் சிறிய நாடகக் குழுவினர். பினாங்கு ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியாவை ஒட்டிய பழைய கடைவீடு ஒன்று ஆறு இரவுகளுக்கு எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. எங்கள் பாட்டன்மார் கப்பலேறி வந்த கதையை மேடை போடாமல், பார்வையாளர்கள் உள்ளே நடந்து சென்று அனுபவிக்கும் ‘இம்மர்சிவ்’ நிகழ்ச்சியாகச் செய்ய விரும்புகிறோம். கையில் முப்பதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. புரொஜெக்டர், புகை இயந்திரம், வி.ஆர். கண்ணாடி எல்லாம் வேண்டும் என்கிறார்கள் இளையவர்கள். உட்கார்ந்து நாடகம் பார்த்துப் பழகிய நம் மக்களை நடக்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்கிறார்கள் மூத்தவர்கள். நாங்கள் எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, மூத்தவர்களின் அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். தைப்பூசத்தன்று தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு தண்ணீர்மலைவரை நடக்கிறவர்களும் நம் மக்கள்தாம். அந்தத் தெருக்களில் தேங்காய் உடைப்பவர், தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றித் தருபவர், திருநீறு வாங்கக் குழந்தையைத் தூக்கிப் பிடிப்பவர் என எல்லாருடைய கைக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆகவே யாரும் தம்மைப் பார்வையாளராக நினைப்பதில்லை, கால்வலியையும் பொருட்படுத்துவதில்லை. முஹர்ரம் காலத்தில் வீடு வீடாகச் சென்று பாடிய பினாங்கின் போரியாக் குழுக்களும் மேடையை நம்பியிருக்கவில்லை. நடக்கச் சொல்வதால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். எதற்காக நடக்கிறோம் என்று தெரியாதபோதுதான் சுளிப்பார்கள்.

எனவே கருவிகளின் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வோர் அறையிலும் வந்தவருடைய கை என்ன செய்யும் என்பதை முதலில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியாக நடிப்பவர், நாகப்பட்டினத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றைப் பார்வையாளர் ஒருவரிடம் நீட்டி, “கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்” என்று கேட்கட்டும். மலாய்ப் பள்ளியில் படித்த பேரன் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறினால், பக்கத்தில் நிற்கும் பாட்டி அதை வாங்கிப் படிப்பார். அந்தக் கணத்தில் கதை அந்தக் குடும்பத்தினுடையதாகிவிடும். எந்தப் புரொஜெக்டராலும் அதைச் செய்ய முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வந்தவர்களையே கூலிகளாக்கி வரிசையில் நிறுத்தி, கங்காணி வேடமிட்டவர் அதட்டுவது போன்ற காட்சி உங்கள் இளையவர்களுக்கு உடனே தோன்றும். அதைச் செய்யாதீர்கள். கப்பலில் வந்ததும் நோய்த்தடுப்புக்காக ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் கூட்டத்தில் நிற்பார்கள். அவர்கள் முன்னோர் பட்ட அவமானத்தைப் பன்னிரண்டு நிமிட விளையாட்டாக அவர்களுக்கே திருப்பித் தருவது கொடுமை. அவமானப்படும் பாத்திரங்களை நடிகர்கள் ஏற்கட்டும். பார்வையாளர்கள் சாட்சிகளாகவும் உதவுபவர்களாகவும் இருக்கட்டும். நுழையும்போது எல்லாருக்கும் ஒரு சிறிய துண்டைக் கொடுத்து, பேச அழைக்கப்படுவதை விரும்புகிறவர்கள் மட்டும் அதைத் தோளில் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். துண்டைக் கையில் வைத்திருப்பவரை நடிகர்கள் நெருங்கக் கூடாது. கேட்காமல் யாரையும் தொடவும் கூடாது.

நேரக்கணக்கு இத்தகைய நிகழ்ச்சியின் முதுகெலும்பு. மாடிப்படிகள் செங்குத்தாக இருக்கும் என்பதால் கீழ்த்தளத்தோடு நின்றுகொள்ளுங்கள்: முன்கூடம் துறைமுக அலுவலகம், நடுமுற்றம் கப்பல் தளம், பின்கட்டு வந்து சேர்ந்த வீடு. ஒவ்வொரு காட்சிக்கும் 12 நிமிடமும் இடம் மாற 3 நிமிடமும் வைத்தால், பதினைந்து பேர் கொண்ட குழுவைக் கால்மணி நேரத்துக்கு ஒன்றாக அனுப்பலாம். இரவு 8 மணிக்கு முதற்குழுவும் 9.15-க்கு ஆறாம் குழுவும் நுழைந்தால் 10 மணிக்கு வீடு காலியாகிவிடும். ஓர் இரவுக்கு 90 பேர், ஆறு இரவுகளுக்கு 540 பேர். எண்ணிக்கையைக் கூட்ட ஆசை வரும், கூட்டாதீர்கள். ஒரே காட்சியை ஓர் இரவில் ஆறு முறை நடிப்பது உடலை உருக்கும் வேலை. பணத்தில் பாதியையாவது நடிகர்களுக்கும் ஒத்திகைக்கும் ஒதுக்கச் சொல்வேன்.

மூன்று காட்சிகளும் ஒரே நேரத்தில் நடப்பதால், நடுமுற்றம் வழியாக ஓர் அறையின் ஓசை மற்ற அறைகளுக்குக் கசியும். பழைய கடைவீட்டில் அதைத் தடுக்கவே முடியாது என்பதால், கசிவையே கதையாக்குங்கள். எல்லா அறைகளுக்கும் பொதுவான ஒரே ஒலி அட்டவணையை எழுதி, ஆறாம் நிமிடத்தில் கப்பல் சங்கு வீடு முழுவதும் ஒலிக்கும்படி வையுங்கள். முன்கூடத்தில் நிற்பவருக்கு அது புறப்படும் அழைப்பு. முற்றத்தில் இருப்பவருக்கு அது 1926-இல் கட்டப்பட்டு நம்மவர் பல்லாயிரம் பேரைச் சுமந்த ராஜுலா கப்பலின் குரல். பின்கட்டில் இருப்பவருக்கோ, பல ஆண்டுகளுக்குப் பிறகு துறைமுகத்திலிருந்து கேட்டு வயிற்றைக் கலக்கும் ஊர் நினைவு. இடம் மாறும் நேரத்தை அறிவிக்க ஓர் உறுமி போதும்.

ஒலிபெருக்கி வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. உங்கள் வீடு 30 மீட்டர் நீளம் என்றால், முன்பக்க ஒலி பின்கட்டை அடைய நொடியில் பதினொன்றில் ஒரு பங்கு ஆகும். இரு முனைகளிலும் ஒரே பேச்சை ஒரே சமயத்தில் ஒலிக்கவிட்டால், பின்னால் நிற்பவர் காதில் அது இரட்டையாக விழும். சங்கின் நீண்ட ஒலிக்கு இது பெரிய குறையன்று. பேச்சையும் தாளத்தையும் இது குலைத்துவிடும். பின்பக்க ஒலிபெருக்கியை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தச் சொல்லுங்கள். அல்லது பேச்சை நடிகர்களின் சொந்தக் குரலுக்கே விட்டுவிடுங்கள், எனக்கு இதுவே பிடிக்கும்.

லிட்டில் இந்தியாவின் விளக்கு வெள்ளத்திலிருந்து வருகிறவருடைய கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் பிடிக்கும். அதனால் முன்கூடத்தில் வெளிச்சத்தோடு தொடங்கி, அந்தப் பன்னிரண்டு நிமிடங்களில் மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வாசனைக்குத் தெளிப்பான் வேண்டாம். ஈரச் சாக்கு, கருவாடு, கற்பூரம் என அறைக்கு ஒரு பொருளை உண்மையாகவே வையுங்கள். மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும் என்பதால், அடுத்த அறையில் வேறொன்று காத்திருக்க வேண்டும். வி.ஆர். கண்ணாடியை நான் ஏற்கமாட்டேன். சேர்ந்து வந்த குடும்பத்தை அது தனித்தனியாகப் பிரித்துவிடும். புரொஜெக்டர் ஒன்று, முற்றத்துச் சுவரில் கடலுக்காக, போதும். புகை இயந்திரம் பற்றி ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பக்கத்துப் பள்ளிவாசலின் இஷா (இரவுத் தொழுகை) அழைப்பு உங்கள் காட்சிக்கு நடுவே வரும். அதற்குமேல் குரலை உயர்த்த வேண்டாம். அப்போது நடிகர்கள் அமைதியாக நின்று கேட்கட்டும். அதே கப்பல்களில் தமிழ் முஸ்லிம்களும் வந்திறங்கியவர்கள்தாமே. மாநகர் மன்றம், காவல் துறை, பொம்பா (தீயணைப்புத் துறை) ஆகியோரை இன்றே அணுகி அனுமதிகளைக் கேட்டுவிடுங்கள். பின்சந்துக் கதவு திறக்கிறதா, அதன் குறுக்கே ஏதேனும் அடைத்துக் கிடக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். அந்தக் கதவு இல்லாமல் நான் சொன்ன ஒருவழி நடை பாதுகாப்பாகாது. சுவரில் ஆணி அடிக்காதீர்கள், அது பழைய சுண்ணாம்புப் பூச்சு.

கடைசியாக, வெளியேறும் இடம். கதை முடிந்ததும் மக்களைச் சந்தில் தள்ளிவிடாமல், அடுப்படியில் சுக்குக் காப்பியும் ஒரு பெரிய பேரேடும் வையுங்கள். பாட்டன் பெயர், ஊர், நினைவிருந்தால் கப்பலின் பெயர் ஆகியவற்றை அவரவர் கையால் எழுதட்டும். மறுநாள் இரவு முன்கூடத்து எழுத்தர் பயணிகளின் பெயரை அழைக்கும்போது, அந்தப் பேரேட்டிலிருந்தே அழைக்கலாம். எழுதியவரின் ஒப்புதலைக் கேட்க, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு கட்டம் போட்டு வையுங்கள். முதல் இரவுக்கு மட்டும் உங்கள் குழுவினரின் பாட்டன்மார் பெயர்கள் தேவைப்படும். அவற்றை இந்த வாரமே கேட்டு எழுதத் தொடங்குங்கள்.