ஜெல்லி மீன் பட்ட காலில் குடிதண்ணீர் ஊற்றிவிட்டேன்!

கேள்வி: போன மாதம் கோவளத்தைத் தாண்டி ஒரு கடற்கரையில் குடும்பத்தோடு டென்ட் போட்டுத் தங்கினோம். விடிகாலை அலையில் நின்ற என் 12 வயது மகளின் காலில் ஜெல்லி மீன் சுற்றிக்கொண்டது. பதறிப்போய் மணலைப் போட்டுத் தேய்த்து, கேனில் இருந்த குடிதண்ணீரை ஊற்றினேன். எரிச்சல் இன்னும் கூடிவிட்டது. டாக்டரிடம் காட்டி, சாயங்காலத்துக்குள் வலி அடங்கியது. 3 வாரம் ஆகியும் கணுக்காலில் சாட்டையடி பட்டதுபோல் கோடு இருக்கிறது, இப்போது அரிப்பு வேறு. கடல் என்றாலே வேண்டாம் என்கிறாள். நான்தான் கெடுத்துவிட்டேனா?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அம்மா, முதலில் அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள். குழந்தை அலறும்போது கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றாத தாய் யார்? ஆனால் நடந்தது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. நம் மீனவர்கள் ‘சொறி’ என்று சொல்லும் ஜெல்லி மீனின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள் ஏராளம், தோலில் ஒட்டியவற்றில் பாதிக்குமேல் வெடிக்காமலேயே இருக்கும். நல்ல தண்ணீர் பட்டாலோ மணலால் அழுத்தித் தேய்த்தாலோ அவையும் வெடித்து விஷத்தை இறக்கும், எரிச்சல் கூடியது அதனால்தான். கடல் தண்ணீரையே ஊற்றிக் கழுவி, ஒட்டிய இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, பெரியவர் கை பொறுக்கும் சூட்டில், அதாவது 45 டிகிரி அளவில், வெந்நீரில் 20 நிமிடமாவது காலை வைத்திருக்க வேண்டும். வினிகர் சிலவகை சொறிக்கு உதவும், சிலவற்றுக்கு வேதனையைக் கூட்டும், அதனால் எந்த வகை என்று தெரியாமல் ஊற்ற வேண்டாம். மூச்சுத் திணறல், முகவீக்கம், வாந்தி என்றால் இதெல்லாம் செய்துகொண்டிருக்காமல் உடனே 108.

ஊரூர் குப்பத்தில் வலை உதறுவதைப் பார்த்திருக்கிறேன். சொறி சிக்கிய வலை என்றால் உதறுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், தெறிக்கும் துணுக்கு கண்ணில் பட்டால் தாங்க முடியாது. கரையில் காய்ந்து கிடப்பதும் கொட்டும், அதைக் குழந்தைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

இப்போது வரும் அரிப்புக்குப் பயப்படாதீர்கள். விஷம் பட்ட இடத்தில் வாரங்கள் கழித்தும் உடம்பு எதிர்வினை காட்டுவது சகஜம்தான். ஆனாலும் தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு வேண்டவே வேண்டாம். கோடு மெல்ல மங்கும், சில மாதங்கள்கூட ஆகலாம், நம் நிறத் தோலில் கறுமை தங்குவது வழக்கம். வெயில் படாமல் மூடிவையுங்கள், சொறியவிடாதீர்கள்.

டென்ட்டை உப்போடு மடித்து வைத்திருந்தால் இன்றே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள், இல்லையென்றால் ஜிப் இறுகிப்போகும்.

மகள் விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கட்டாயப்படுத்தி இறக்காதீர்கள், கிண்டலும் வேண்டாம். ஒரு சாயங்காலம் பெசன்ட் நகரில் காய்ந்த மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, அதே கரையில் நீல நிறத்தில் விரல்நீளம்கூட இல்லாத கடல் நத்தைகள் ஒதுங்கின, கொட்டும் உயிர்களையே தின்று அந்த விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்துவைக்கும் ஜீவன் அது. இந்தக் கதையை அவளிடம் சொல்லுங்கள், கேள்வி கேட்பாள். அடுத்த தடவை தண்ணீர் ஓரம் வரை வருவாளா என்று அவளே சொல்லட்டும், கால் மூடும் செருப்பு ஒன்று மட்டும் பையில் இருக்கட்டும்.