சீஸ்கேக், ஐந்து விரல், ஒரு போர்க்கப்பல்: வாசகர் கேள்வி-பதில்

1942 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட படம் ‘ஆல் த்ரூ தி நைட்’. இயக்கம் வின்சென்ட் ஷெர்மன். நியூயார்க் சூதாட்ட உலகின் பெரும்புள்ளி ‘கிளவ்ஸ்’ டோனஹியூவாக ஹம்ப்ரி போகார்ட் நடித்திருக்கிறார். அவனுக்குப் பிடித்த சீஸ்கேக்கைச் செய்து தரும் ஜெர்மானியப் பேக்கரிக்காரர் கொலையாகிறார். அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் அதைத் துருவப் போகிறவன், துறைமுகத்தில் போர்க்கப்பலைத் தகர்க்கத் திட்டமிடும் நாஜி ஒற்றர் கூட்டத்திடம் போய்ச் சிக்குகிறான். இந்தப் படத்தையும் இதன் வகையறாவையும் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: அமெரிக்கா போரில் இறங்கியதே 1941 டிசம்பரில். அடுத்த மாதமே ஒற்றர் படம் எப்படித் தயாரானது?

பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு முன்பே படப்பிடிப்பு முடிந்துவிட்டது. அமெரிக்கா நடுநிலை வகித்த நாட்களில் எடுத்த படம் இது. அந்தக் காலத்தில் இது சாதாரணத் துணிச்சல் அல்ல. ‘ஹாலிவுட் நம்மைப் போருக்குள் இழுக்கப் பார்க்கிறது’ என்று புகார் சொல்லி, 1941 செப்டம்பரில் செனட் துணைக்குழு ஒன்று விசாரணையே நடத்தியது. ஸ்டுடியோ அதிபர் ஹாரி வார்னர் நேரில் போய், நாஜிகளைப் பற்றித் தங்கள் படங்கள் காட்டுவது உண்மைதான் என்று வாதாடினார். இதே நிறுவனம் 1939-லேயே ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ நாஜி ஸ்பை’ எடுத்திருந்தது.

படத்தை இந்தத் தேதியோடு சேர்த்துப் பாருங்கள். ‘ஐரோப்பாவில் நடப்பதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்’ என்று திரிகிற கிளவ்ஸ், அன்றைய சராசரி அமெரிக்கனின் பிரதிநிதி. அவன் மனம் மாறுவதுதான் படத்தின் முதுகெலும்பு. சண்டையும் துரத்தலும் அதைச் சுற்றிப் போர்த்திய சதை.

கேள்வி: கேங்ஸ்டர் என்கிறார்கள். ஆனால் கிளவ்ஸ் ஒரு குற்றமும் செய்வதாகக் காட்டவில்லையே?

காட்ட முடியாது. 1934 ஜூலையிலிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை நெறிமுறை கறாராக அமலில் இருந்தது. குற்றவாளி மீது பார்வையாளருக்குப் பரிவு வரக்கூடாது, குற்றம் செய்யும் முறையை விளக்கிக் காட்டக்கூடாது, கடைசியில் தண்டனை கிடைக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படை விதிகள். குற்றவாளி கையில் இயந்திரத் துப்பாக்கியைக் காட்டுவதற்கும் பின்னாளில் தடை வந்தது. நாயகனாக வைத்து, உயிரோடும் விட்டு, கைதட்டலும் வாங்கித்தர வேண்டுமென்றால் அவன் தொழிலை மங்கலாக வைப்பதுதான் வழி. அதனால்தான் பந்தயம், அடியாட்கள், போலீஸுடன் பழைய பகை என்று வாசனையை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உடையும் நடையும் பேச்சும் மிச்சத்தைச் சொல்லிவிடுகின்றன. முந்தைய பத்தாண்டில் போகார்ட் ஏற்ற அடியாள் வேடங்கள் பார்வையாளர் மனதில் இருந்தது இதற்குப் பெரிய உதவி.

கேள்வி: சாகும் மனிதன் ஐந்து விரலைக் காட்டுவது என்ன சைகை?

‘ஐந்தாம்படை’. ஸ்பானிய உள்நாட்டுப் போரில், 1936-ல், நான்கு படைப்பிரிவுகள் மாட்ரிட்டை நோக்கி வர, ஐந்தாவது நகரத்துக்குள்ளேயே இருக்கிறது என்று கிளர்ச்சிப் படைத் தளபதி மோலா சொன்னதாக வழங்கும் பேச்சிலிருந்து வந்த சொல். தமிழில் இன்றும் அரசியல் மேடைகளில் புழங்குவதால் நமக்கு உடனே பிடிபடும். படத்தில் கிளவ்ஸுக்கு அது விளங்கச் சற்று நேரம் ஆகிறது.

கேள்வி: ஒற்றர்களாக நடித்தவர்கள் உண்மையிலேயே ஜெர்மானியர்களா?

இந்தப் படத்தை மறுபடி மறுபடி பார்க்க வைப்பதே இந்த விஷயம்தான். ஒற்றர் தலைவன் எப்பிங்காக வரும் கான்ராட் வைட், 1920-ன் ஜெர்மன் மௌனப் படம் ‘டாக்டர் காலிகாரி’யில் தூக்கத்தில் நடக்கும் செசாரேயாக உலகப் புகழ் பெற்றவர். மனைவி யூதர். 1933-ல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். கொலைகாரன் பெப்பியாக வரும் பீட்டர் லோரே ஆஸ்திரிய-ஹங்கேரியில் பிறந்த யூதர். அவரும் அதே 1933-ல் தப்பினார். ஸ்டைன்டார்ஃப் வேடத்தில் வரும் மார்ட்டின் கோஸ்லெக்கும் நாஜிகளுக்கு அஞ்சி நாட்டைவிட்டு வந்தவர்தான். முன்பு சொன்ன 1939 படத்தில் கோயபல்ஸாக நடித்தவரும் இவரே. பேக்கரிக்காரராக வரும் லுட்விக் ஸ்டோசல், ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய 1938-ல் வெளியேறியவர். பாடகி லீடாவாக நடித்த காரன் வெர்ன் பெர்லினில் பிறந்தவர்.

தங்களைத் துரத்தியவர்களின் வேடத்தைத்தான் இவர்கள் போட்டார்கள். ஹாலிவுட்டில் அந்த உச்சரிப்புக்கு வேறு வேலை அதிகம் கிடைக்கவில்லை என்பது ஒரு பக்கம். இந்த மனிதர்களை அவர்கள் அருகிலிருந்து அறிந்திருந்தார்கள் என்பது மறுபக்கம். வைட் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. அவருடைய மரியாதையான புன்னகைதான் பயமுறுத்துகிறது. லீடாவின் தந்தை டாக்காவ் வதைமுகாமில் இருக்கிறார். அதைச் சொல்லித்தான் அவளை மிரட்டி வேலை வாங்குகிறார்கள். அவர் ஏற்கெனவே இறந்துவிட்டதை அவள் அறியும் இடம் வரும்போது, நடிப்பவர்கள் யார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

போகார்ட், வைட், லோரே, ஸ்டோசல் நால்வரும் அதே 1942-ன் இறுதியில் ‘காசாபிளாங்கா’வில் மறுபடி ஒன்றாக வந்தார்கள். அமெரிக்கா போகும் கனவில் மனைவியோடு ஆங்கிலம் பேசிப் பழகும் முதியவர்தான் ஸ்டோசல். வைட் 1943 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸில் மாரடைப்பால் இறந்தார். போரின் முடிவைப் பார்க்கவில்லை.

கேள்வி: கேங்ஸ்டர்கள் ஒற்றர்களுக்கு எதிராக வேலை செய்தது கற்பனைதானே?

படம் கற்பனை. ஆனால் படம் வந்த சில வாரங்களில் நிஜம் அதன் பின்னாலேயே வந்தது.

1942 பிப்ரவரி 9. நியூயார்க்கின் 88-ஆம் துறையில், பிரெஞ்சு சொகுசுக் கப்பலான ‘நார்மண்டி’யைத் துருப்புக் கப்பலாக மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. இரும்பை வெட்டும்போது பறந்த தீப்பொறி, அங்கே குவித்து வைத்திருந்த உயிர்காப்பு அங்கிகள் மீது விழுந்தது. அங்கிகளுக்குள் இருந்தது இலவம்பஞ்சு. அது எப்படிப் பற்றும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கப்பலின் தீ எச்சரிக்கை இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. பிரெஞ்சுக் குழாய் வாய்களில் நியூயார்க் தீயணைப்புக் குழாய்கள் பொருந்தவில்லை. பிறகு படகுகளிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் மேல்தளங்களில் தேங்கிப் பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நள்ளிரவு தாண்டிக் கப்பல் கவிழ்ந்தது. விபத்து என்றே விசாரணை முடிவு செய்தது. ஆனால் நாசவேலை என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது.

துறைமுகத்தில் யார் வருகிறார்கள், ஏதேனும் மீன்பிடிப் படகு எதிரி நீர்மூழ்கிக்கு எண்ணெய் தருகிறதா என்று அறிய கடற்படை உளவுப் பிரிவுக்கு ஆள் இல்லை. துறைமுகத் தொழிலாளர்கள் சீருடைக்காரர்களிடம் வாய் திறப்பதில்லை. அதனால் ஃபுல்டன் மீன் சந்தையைக் கையில் வைத்திருந்த மாஃபியாக்காரர் ஜோசப் லான்ஸாவை அணுகினார்கள். அவர் செல்வாக்கு ஓர் எல்லைக்கு மேல் போகாததால், 30 முதல் 50 ஆண்டுத் தண்டனையில் இருந்த மாஃபியா தலைவர் லக்கி லூசியானோவிடமே போக நேர்ந்தது. 1942 மே மாதம் அவர் கனடா எல்லைப் பக்கத்துச் சிறையிலிருந்து, சந்திக்க வசதியான வேறு சிறைக்கு மாற்றப்பட்டார். 1946-ல் தண்டனை குறைக்கப்பட்டு இத்தாலிக்கு நாடு கடத்தப்பட்டார். அவரால் எவ்வளவு பயன் விளைந்தது என்பது இன்றும் வாதத்துக்குரியது. துறைமுகத்தின் வாயைத் திறக்க அரசு ஒரு கைதியின் சொல்லை நாடியது என்பதில் வாதமில்லை.

ஒற்றர் பக்கமும் கற்பனை மட்டுமல்ல. அமெரிக்காவில் இயங்கிய ‘டுகேன் வலை’ என்ற ஜெர்மன் ஒற்றர் கூட்டத்தின் 33 பேருக்கு 1942 ஜனவரி 2-ல் தண்டனை விதிக்கப்பட்டது. இரட்டை உளவாளி வில்லியம் செபோல்டின் நியூயார்க் அலுவலகத்தில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்து, வந்தவர்களை எல்லாம் எஃப்.பி.ஐ. படம்பிடித்திருந்தது.

கேள்வி: மோட்டார் படகு, கார் காட்சிகளில் பின்னணி ஒட்டாமல் நிற்கிறதே, ஏன்?

பின்திரை ஒளியீடு என்ற முறை. முதலில் பின்னணியை மட்டும் தனியாகப் படம்பிடிப்பார்கள். பிறகு ஸ்டுடியோவில் ஒளி ஊடுருவும் திரைக்குப் பின்னாலிருந்து அதை ஓடவிட்டு, முன்னால் நடிகரை நிறுத்தி எடுப்பார்கள். கேமரா மோட்டாரும் புரொஜெக்டர் மோட்டாரும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும். ஒரு பிரேமுக்குக் கேமரா கதவு திறந்திருப்பது சுமார் 1/50 விநாடி. அதே கணத்தில் புரொஜெக்டர் கதவும் திறந்திருக்க வேண்டும். தவறினால் பின்னணி மினுக்கும்.

ஒட்டாமல் போக மூன்று காரணங்கள். பின்னணி இரண்டாம் முறை படமாவதால் படத்தில் துகள் கூடி, வெளிச்ச-இருள் மாறுபாடு கெடும். திரையின் நடுவில் விளக்கின் வெளிச்சத்திட்டு விழுந்து ஓரங்கள் இருளும். நடிகர் மீது போடும் விளக்கு திரையில் சிந்தினால் கறுப்பு சாம்பலாகிவிடும், அதனால் அவரைத் திரையிலிருந்து தள்ளி நிறுத்துவார்கள், அந்த இடைவெளியைக் கண் கண்டுபிடித்துவிடும். இரவுக் காட்சியில் இந்தக் குறைகள் பாதி மறைந்துவிடும்.

கேள்வி: என்னிடம் உள்ள பிரதி 103 நிமிடம்தான். 107 என்கிறார்கள். வெட்டியிருக்கிறார்களா? தமிழ் வசனவரியும் பொருந்தவில்லை.

வெட்டியிருக்க வேண்டியதில்லை. விநாடிக்கு 24 பிரேம் ஓட வேண்டிய படத்தை ஐரோப்பிய டிவிடிகளில் 25-ஆக ஓட்டுவார்கள். 107 நிமிடம் 102 நிமிடம் 43 விநாடியாகச் சுருங்கும். குரலும் கொஞ்சம் கூர்மையாகும்.

வசனவரியைச் சரிசெய்யுமுன், தொடக்கத்தில் ஒரு வசனம், கடைசியில் ஒரு வசனம் இரண்டையும் சோதியுங்கள். தாமதம் இரண்டிலும் ஒன்றென்றால் மொத்தத்தையும் நகர்த்தினால் போதும். போகப்போகக் கூடினால் வேகம்தான் காரணம். அப்போது 10 நிமிடத்தில் 24 விநாடி, கடைசியில் 4 நிமிடத்துக்கு மேல் தாமதம் காட்டும். வசனவரி மென்பொருளில் எல்லா நேரங்களையும் 0.96-ஆல் பெருக்குங்கள். ஓரிடத்தில் திடீரென்று தாவினால் மட்டும் அங்கே வெட்டு இருக்கிறது என்று பொருள்.

டிவியில் பக்கவாட்டுக் கறுப்புப் பட்டைகளை அப்படியே விடுங்கள். திரையை நிரப்பப் பெரிதாக்கினால் உயரத்தில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகப் பறிபோகும். தலையும் தொப்பியும் போய்விடும்.

கேள்வி: ஒற்றர் கூட்டத்தில் போகார்ட் ஏதோ உளறுகிறார். தமிழில் எப்படி எழுதுவது?

வெடிகுண்டு நிபுணர்போல வேடமிட்டு நுழைந்த கிளவ்ஸும் அவன் கூட்டாளி சன்ஷைனும் நேரத்தை இழுக்கப் பேசும் பொருளற்ற பேச்சு அது. ‘உளறுகிறார்’ என்று அடைப்புக்குறியில் எழுதினால் காட்சி செத்துவிடும். ஆங்கிலத்தில் நிஜச் சொற்களுக்கு நடுவே போலிச் சொற்கள் வருகின்றன. வாக்கிய அமைப்பு சரியாக இருப்பதால்தான் கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். தமிழிலும் வேற்றுமை உருபையும் வினைமுற்றையும் பிசகாமல் வைத்து, பெயர்ச்சொல்லை மட்டும் பொய்யாக்குங்கள்: ‘குறுண்டையைப் பிளாத்திக்குள் செருகி, மூன்று முறை திருகினால் போதும்.’ ஒரு வரிக்கு இரண்டு போலிச் சொல் போதும். மூன்றாவது வந்தால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார், அதற்குள் அடுத்த வரி ஓடிவிடும்.