சாலையிலிருந்து எடுத்த சாளைகள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஞாயிறுதோறும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் சுற்றி, பழைய சாளைகளையும் (காட்டு வீடுகள்) கட்டுத்தாரைகளையும் (மாடு கட்டும் இடங்கள்) கிணறுகளையும் படம் எடுத்து வருகிறேன். இரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டன. பார்ப்பவர்கள் அழகு என்கிறார்கள். எனக்கோ எல்லாம் ஒரே படமாகத் தெரிகிறது. எங்கே தவறுகிறேன்? சில படங்களை இணைத்துள்ளேன்.

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

படங்களைப் பார்த்தேன். ஒளியில் குறையில்லை. ஆனால் அத்தனையும் வண்டியை நிறுத்திய இடத்திலிருந்தே எடுத்தவை. அந்தக் கட்டடங்களில் என்ன வேலை நடந்தது என்பதை ஒன்றுகூடச் சொல்லவில்லை. சாளை என்பது பயிரையும் மாட்டையும் பார்த்துக்கொள்ளக் காட்டுக்குள்ளேயே, அதாவது விளைநிலத்துக்குள்ளேயே, போட்ட வீடு. அதற்கும் களத்துக்கும், களத்துக்கும் கட்டுத்தாரைக்கும், கட்டுத்தாரைக்கும் கிணற்றுக்கும் எத்தனை எட்டு என்பதில்தான் ஒரு குடும்பத்தின் அன்றாடம் அடங்கியிருக்கிறது. இடிந்த சுவரை மட்டும் தனியே வெட்டி எடுத்தால், அது எந்த ஊர்ச் சுவராகவும் இருக்கலாம்.

உங்கள் படங்களில் ஒரு கவலைக் கிணறு, அதாவது எருதுகளைக் கட்டி நீர் இறைத்த கிணறு, இருக்கிறது. இரண்டு கல்தூண்கள், பின்னால் சூரியன். தூண்கள் வெறும் கருநிழலாக நிற்கின்றன. அருகில் போயிருந்தால், எருதுகள் இழுத்த வடம் உராய்ந்து உராய்ந்து கல்லில் விழுந்திருக்கும் பள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள். சில கிணறுகளில் அதற்குள் சுண்டுவிரலை வைக்கலாம். கிணற்றிலிருந்து விலகிச் சரிந்து இறங்கும் அந்த மண்தடத்தில்தான் எருதுகள் முன்னும் பின்னுமாக நாள் முழுவதும் நடந்து, தோல் சாலில் தண்ணீரை மேலே ஏற்றின. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்து, பிறகு மெல்ல மெல்லக் காடுகளுக்குள்ளும் கம்பி இழுக்கப்பட்டபோது, அதே கிணற்று மேட்டில் மோட்டார் அறை எழுந்தது. உங்கள் படத்தின் ஓரத்தில் அந்த அறையின் ஒரு மூலை தெரிகிறது. அழகைக் கெடுக்கிறது என்று வெட்டிவிட்டீர்கள் போலும். நான் பெரிதும் வருந்தியது அதற்குத்தான். தூணும் மோட்டார் அறையும் ஒரே சட்டத்துக்குள் நின்றால், அந்தக் கிணற்றின் கதை முழுதாக வந்துவிடும்.

ஓடுகளையும் சும்மா விடாதீர்கள். கழன்று விழுந்த சீமை ஓட்டைப் புரட்டினால் பெரும்பாலும் செய்த ஆலையின் பெயர் இருக்கும். 1865 என்று பொறித்த ஓட்டைக் கண்டதும் வீட்டுக்கே அந்த வயது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறித்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டு அது; அந்த ஆலைகள் கைமாறிய பின்னும், கேரளத்தின் ஃபரோக்கில் வார்த்த ஓடுகளில்கூட அதே ஆண்டுதான் அச்சாகி வந்தது. ஆகவே ஓட்டை அருகில் வைத்து ஒரு படம் எடுங்கள். வீட்டின் வயதை அங்கே இருப்பவரிடம் கேளுங்கள்.

கேட்பது என்றதும் இன்னொன்று. கிளுவை வேலிக்குள் நுழையுமுன் குரல் கொடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன், ஆள் இல்லை என்று நினைத்து ஒரு கொரங்காட்டின் (வேலியிட்ட மேய்ச்சல் நிலம்) படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்; வெள்வேல மரத்தடியில் நின்ற செம்மறிகள்மீது கவனம் போனதில் படலைச் சாத்த மறந்தேன். ஆடுகள் பக்கத்துச் சோளக்காட்டில் இறங்கிவிட்டன. அந்தக் காட்டுக்காரப் பெரியவர் என்னைத் திட்டக்கூட இல்லை. வெயிலில் ஒரு மணி நேரம் அவரோடு ஓடி ஆடுகளை மடக்கியபோது எனக்கு ஏற்பட்ட கூச்சம் இன்றும் போகவில்லை. அதன் பிறகு, உரியவர் முகத்தைப் பார்க்காமல் நான் எந்தச் சாளையையும் படம் எடுத்ததில்லை. ஆளில்லாத வீடுகளின் சரியான இடத்தைப் பொதுவில் போடவும் வேண்டாம். மரத்தூணையும் கதவையும் பெயர்த்து விற்பவர்கள் உண்டு. ஊர்ப்பெயரும் தேதியும் உங்கள் குறிப்பேட்டில் இருந்தால் போதும்.

புதிய ஊர்களைத் தேடுவதைச் சில மாதம் நிறுத்திவிட்டு, அந்தக் கிணற்றுக்கே மறுபடி போங்கள். ஐப்பசி மழைக்குப் பின் கொழுக்கட்டைப் புல் தழைத்திருக்கும்போது ஒரு முறை, சித்திரையில் கிளுவை இலை உதிர்ந்து வேலி வெறும் முள்ளாக நிற்கும்போது ஒரு முறை. காலை எட்டு மணிக்குள் வெயில் பக்கவாட்டில் விழும். வடத்தின் தடம் அப்போது தெளிவாகத் தெரியும்.

அன்புடன்.