மொடாஃபினில் சாப்பிட்டும் கணவர் விழுவது ஏன் நிற்கவில்லை?

தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவருக்கு நார்கோலெப்சி (பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நரம்பு வியாதி) என்று மொடாஃபினில் கொடுத்திருக்கிறார்களாம். பகல் தூக்கம் குறைந்துவிட்டது, ஆனால் சிரித்தால் கால் மடிந்து விழுவது அப்படியே இருக்கிறது. மருந்து பிடிக்கவில்லையா என்பது அவர் கேள்வி.

மருந்து பிடித்திருக்கிறது சகோதரி. மொடாஃபினில் பகல் தூக்கத்துக்கான மருந்து. விழுவதை அது நிறுத்தாது, அதற்கு வேறு மருந்து சேர்க்க வேண்டும். அடுத்த கிளினிக்கில் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அக்காவுக்கும் இதே வியாதிதான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாராவது கேலி பேசினால் போதும், முதலில் தாடை தொங்கும், பேச்சு குழறும், பிறகு முழங்கால் விட்டுவிடும். கண் திறந்தே இருக்கும். நாம் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கும், பதில்தான் வராது. ஒரு நிமிஷத்தில் தானே எழுந்துவிடுவார். காக்கா வலிப்பு என்று ஓரிடத்தில் மாத்திரை கொடுத்தார்கள். கோடாங்கியும் வந்து போனார். நினைவு தப்பாமல், சிரிப்பிலோ கோபத்திலோ திடுக்கிடும்போதோ உடம்பு தளர்ந்தால் அது கேட்டாப்ளெக்ஸி. இந்த அடையாளத்தைச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு வழி பிறந்தது.

மூளையில் விழிப்பைக் காக்கும் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் அழிந்துபோவதே காரணம். 2000ஆம் ஆண்டில் இது மனிதர்களில் உறுதியானது. கனவு காணும் தூக்கத்தில் தசைகள் செயலற்றுக் கிடப்பது இயல்பு. அந்தத் தளர்ச்சி விழித்திருக்கும்போதே வந்து புகுந்துவிடுகிறது. ஆகவே இது சோம்பலும் இல்லை, பேயும் இல்லை.

விழுவதற்கு நம் டாக்டர்மார் முதலில் யோசிப்பது பெரும்பாலும் வென்லாஃபாக்சின், ஃப்ளுவொக்செட்டின், க்ளோமிப்ரமின் போன்றவற்றை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகள்தான், ஆனால் கனவுத் தூக்கத்தை அடக்குவதால் இதற்கும் உதவும். அக்காவுக்கு இதில் ஒன்றைக் கொடுத்தபோது, "பைத்தியத்துக்குக் குடுக்கிற குளிசையாம்" என்று லயத்தில் பேச்சு கிளம்பியது. அவரும் சட்டென்று நிறுத்திவிட்டார். அதன் பிறகு ஒரே நாளில் திரும்பத் திரும்ப விழுந்தார். இந்த மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் விழுவது முன்னைவிட மோசமாகும். குறைப்பதானாலும் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மாத்திரை தீரும் முன்பே கிளினிக்குக்குப் போய்விடுங்கள். மழைக்கு ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோனால் என்ன செய்வது?

தூக்கம், விழுதல் இரண்டுக்கும் உதவும் மருந்துகளும் இருக்கின்றன. சோடியம் ஒக்சிபேட்டை அமெரிக்கா 2002இல் கேட்டாப்ளெக்ஸிக்கு அனுமதித்தது. இரவில் படுக்கும்போது ஒரு தடவை, இரண்டரை முதல் நான்கு மணி நேரம் கழித்து எழுந்து இன்னொரு தடவை குடிக்க வேண்டும். சாராயமோ தூக்க மாத்திரையோ இதோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். சம்பள நாளில் குடிக்கும் பழக்கம் கணவருக்கு இருந்தால் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பிட்டோலிசன்ட் காலையில் ஒரு வேளை மருந்து. ஐரோப்பாவில் 2016இலும், அமெரிக்காவில் தூக்கத்துக்கு 2019இலும் கேட்டாப்ளெக்ஸிக்கு 2020இலும் அனுமதி கிடைத்தது. பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். தடிமனுக்குக் கடையில் வாங்கும் பிரிட்டோன் (Piriton) மாத்திரை அதன் பலனைக் குறைத்துவிடும், தூக்கத்தையும் கூட்டும். உங்களுக்கு எது கிடைக்கும், எது பொருந்தும் என்பதை இருதயம், பிரஷர் எல்லாம் பார்த்து நரம்பியல் டாக்டர் சொல்வார்.

இதை வாசிக்கும் பெண்களுக்கு ஒன்று. மொடாஃபினில் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். அக்காவுக்கு இதை யாரும் சொல்லவில்லை, மருந்துத் துண்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

மருந்தோடு மருந்தாக மத்தியானம் கால் மணி நேரத் தூக்கமும் நல்லது. அக்காவின் கங்காணி இப்போது அதற்கு விடுகிறார், அதற்கே ஒரு டாக்டர் கடிதம் தேவைப்பட்டது. நோய் கட்டுக்குள் வரும்வரை கணவரை ஆட்டோ ஓட்டவோ கவ்வாத்துக் கத்தி பிடிக்கவோ விடாதீர்கள். முடிந்தால் அவர் விழும்போது ஒரு தடவை போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும்போது அவர் விழாமலே போகலாம், வாயால் மட்டும் சொன்னால் வலிப்பு என்று நினைத்துவிடலாம்.