கார் கூரையில் அளந்த பனி

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சி எடிசனில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் ஒரு காரியம் செய்தேன். டிசம்பர் 1 முதல் பிப்ரவரி 28 வரை 90 நாளும் இரவு ஒன்பது மணிக்கு இரண்டு போன் ஆப்களையும் ஒரு டிவி சேனலையும் பார்த்து, மறுநாள் பனி விழுமா, எத்தனை அங்குலம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். விழுந்த பனியைக் கார் கூரையில் ஸ்கேல் வைத்து அளந்தேன். மொத்தம் ஒன்பது நாள்தான் பனி. முதல் ஆப் 79 நாள் சரி, இரண்டாவது 76, டிவி 71. டிவிக்காரர் எப்போதும் பயமுறுத்துகிறார். ஒரு நாள் 60 சதவீத வாய்ப்பு என்றார், ஒரு பொட்டுகூட விழவில்லை. இன்னொரு நாள் எட்டு அங்குலம் என்றார், ஒன்றுதான் வந்தது. என் மாமனார் பஞ்சாங்கமே தேவலை என்கிறார். ஏஐ வந்தால் இதெல்லாம் சரியாகிவிடுமா? காசு கட்டி ஏதாவது ஆப் வாங்கலாமா? நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். எதைத்தான் நம்புவது?

சுந்தர்

அன்புள்ள சுந்தர்,

எந்த ஆப் நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், போன வாரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த ஒரு காகிதம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

சில்லறையை முதலில் முடித்துவிடலாம். பஞ்சாங்கத்துக்கு நியூ ஜெர்சி தெரியாது, மாமனாரிடம் சண்டை போடாதீர்கள். ஏஐ மாடலை ஐரோப்பிய வானிலை மையமே 2025 பிப்ரவரியிலிருந்து அன்றாட வேலையில் ஓட்டுகிறது. நன்றாகத்தான் செய்கிறது, ஆனால் உங்கள் எட்டுக்கும் ஒன்றுக்கும் நடுவிலுள்ள சிக்கலை அது தீர்த்துவைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். காசு கட்ட வேண்டாம். நீங்கள் கட்டுகிற வரியிலேயே மவுண்ட் ஹாலியில் தேசிய வானிலை சேவையின் அலுவலகம் ஒன்று நடக்கிறது. எடிசன் அவர்கள் எல்லைக்குள்தான் வருகிறது. தாங்கள் ஏன் இப்படிக் கணிக்கிறோம், எதில் சந்தேகம் என்று அவர்கள் தினமும் பத்தி பத்தியாக எழுதிவைக்கிறார்கள். தொண்ணூறு நாள் விடாமல் நோட்டு எழுதிய மனிதர் அதை ஒரு நாள்கூடப் படிக்கவில்லையே என்பதுதான் எனக்கு முதல் வருத்தம்.

இப்போது உங்கள் மதிப்பெண் பட்டியல். ஒன்று சொன்னால் கோபிக்க மாட்டீர்களே? உங்கள் வீட்டு வாசலில் ஒரு கிளியைக் கட்டிவைத்து, தினமும் இரவு ஒன்பதுக்கு "நாளை பனி இல்லை" என்று சொல்லப் பழக்கியிருந்தால், அது 81 நாள் சரியாகச் சொல்லியிருக்கும். நீங்கள் முதல் பரிசு கொடுத்த ஆப்பைவிட இரண்டு மதிப்பெண் கூடுதல்.

நீங்கள் விழுந்த இந்தக் குழியில் 1884இலேயே ஒருவர் விழுந்து எழுந்திருக்கிறார். ஜான் ஃபின்லி என்று அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் ஒரு சார்ஜென்ட். நாட்டைப் பல வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டு, இங்கே டொர்னாடோ என்ற சுழல்காற்று வரும், இங்கே வராது என்று முன்கூட்டிச் சொல்லிப் பார்த்தார். மொத்தம் 2803 கணிப்புகள். அதில் 96.6 சதவீதம் சரி என்று அறிவித்தார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு சாதனையா என்று ஊரே வாய் பிளந்திருக்க வேண்டியது. ஆனால் அதே வருடம் கில்பர்ட் என்பவர் கணக்கைப் பிரித்துக் காட்டினார். வரும் என்று சொல்லி வந்தது 28 தடவை. வரும் என்று சொல்லி வராதது 72. சொல்லாமலே வந்தது 23. மீதி 2680 தடவை வராது என்றார், வரவில்லை. எல்லாவற்றுக்கும் "வராது" என்றே சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் கிடைத்திருக்கும்! கிளி அங்கேயும் ஜெயித்தது.

கில்பர்ட் சொன்ன வழி எளிமையானது. ஒன்றும் நடக்காது என்று சொல்லி ஒன்றும் நடக்காமல் போன நாட்களைக் கணக்கிலேயே சேர்க்காதே. சொன்னது, வந்தது, இரண்டில் ஒன்றாவது இருக்கிற நாட்களை மட்டும் எடு. அவற்றில் எத்தனை பொருந்தியது என்று பார். ஃபின்லிக்கு 123இல் 28, ஏறக்குறைய 23 சதவீதம்.

உங்கள் நோட்டுப் பக்கங்களை வைத்துக்கொண்டு நானும் அப்படி எண்ணிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் போயிற்று, பரவாயில்லை. உங்கள் முதல் ஆப் எட்டு நாள் பனி விழும் என்றது, விழுந்தது மூன்று. ஒன்பது பனி நாட்களில் ஆறு நாள் உங்களைச் சும்மா தூங்கவிட்டிருக்கிறது. நீங்கள் திட்டுகிற டிவிக்காரர் 26 நாள் பனி என்றார், பதினெட்டு நாள் பொய்த்தது. ஆனால் ஒன்பதில் எட்டைப் பிடித்திருக்கிறார். கில்பர்ட் கணக்கில் ஆப்புக்கு 14இல் மூன்று, 21 சதவீதம். டிவிக்கு 27இல் எட்டு, 30 சதவீதம். பட்டியல் தலைகீழாகிவிட்டது. அதற்காக டிவிதான் நல்லது என்று உடனே கிளம்பாதீர்கள். காலை ஐந்து மணிக்குக் காரை எடுத்து ஆஸ்பத்திரி டியூட்டிக்கு ஓடும் நர்ஸுக்குப் பதினெட்டு பொய் எச்சரிக்கை பெரிதில்லை, சொல்லாமல் வந்த ஒரு நாள்தான் பெரிது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரைத் தட்டுகிற உங்களுக்கு வேறு கணக்கு.

அந்த 60 சதவீத விஷயத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. 60 என்று சொல்லிவிட்டு விழவில்லை என்றால் பொய் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அறுபது என்ற பத்து நாளை எடுத்து, அதில் ஆறு நாளை ஒட்டி விழுந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு நாளை வைத்து அதைப் பொய் என்று சொல்ல யாராலும் முடியாது. இதற்குக் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலையாளர் 1950இலேயே ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பத்தாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு. விழுந்தால் 1, விழாவிட்டால் 0. சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்து. 60 சதவீதம் என்று சொல்லி விழாவிட்டால் 0.36 அபராதம். நூறு சதவீதம் என்று அடித்துச் சொல்லி விழாவிட்டால் முழுசாக 1. ஆண்டு முழுக்கக் கூட்டிச் சராசரி எடு, குறைந்த எண் வாங்கியவன் கெட்டிக்காரன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்பவனை இந்தக் கணக்கு பிழிந்து எடுத்துவிடும். நீங்களோ தயங்கிச் சொல்கிறவனை அடிக்கிறீர்கள், உறுதியாகச் சொல்கிறவனுக்கு மாலை போடுகிறீர்கள்.

2017 மார்ச்சில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், பிஸ்காட்டவேயில், மகள் வீட்டில் இருந்தேன். 14ஆம் தேதி பெரிய பனிப்புயல் என்று இரண்டு நாளாகப் பேச்சு. நியூயார்க்கில் 18 முதல் 24 அங்குலம் என்றார்கள். மருமகன் கடைக்குப் போய்ப் பாலும் ரொட்டியும் வாங்கிக் குவித்தார். ஏழு வயதுப் பேத்தி பைஜாமாவை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு, தலையணைக்கு அடியில் ஸ்பூனை வைத்துப் படுத்தாள். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வேண்டுதல் இது. அப்படிச் செய்தால் பனி கொட்டி லீவு விடுவார்களாம். பனி என்றால் எனக்கு மார்கழியில் நெல் தாளில் நிற்கிற துளிதான். நானும் தூங்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடியற்காலையில் கண்ணாடியில் சவ்வரிசியை அள்ளி வீசுகிற சத்தம். எழுந்து பார்த்தால் பனிப்பூ இல்லை, சின்னச் சின்ன மணி. ஸ்லீட் என்றார் மருமகன். மேலே ஐயாயிரம் அடி உயரத்தில் கடலிலிருந்து வந்த வெதுவெதுப்பான காற்று ஓர் அடுக்காகப் புகுந்துவிட்டால், விழுகிற பனி அதில் உருகி, கீழே வரும்போது மறுபடி உறைந்து மணியாகிவிடும். ஒரு அங்குலத் தண்ணீர் பத்து அங்குலப் பனியாக விரியும் என்பது பொதுக் கணக்கு. மணியானால் அந்த விரிவு போச்சு. கடற்கரையை ஒட்டி வடக்கே ஏறுகிற இந்தப் புயல்கள் ஐம்பது மைல் இப்படி ஒதுங்கினால் உங்கள் வீட்டில் எட்டு அங்குலம், அப்படி ஒதுங்கினால் ஒன்று, இல்லையென்றால் வெறும் மழை. உங்கள் டிவிக்காரரின் எட்டு ஒன்றானது பெரும்பாலும் இந்த வகைதான். அவரைத் திட்ட வேண்டாம்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு கிடைத்தது. ஆனால் அந்தக் கெட்டிப் பனியில் பொம்மை பிடிக்க வரவில்லை. பேத்தி ஸ்பூனைக் கொண்டுபோய்ச் சிங்க்கில் போட்டுவிட்டு என்னோடு பேசவே இல்லை, நான்தான் வானிலை சொன்னவன் மாதிரி. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 7.6 அங்குலம்தான். கடலை விட்டுத் தள்ளி உள்ளே, பிங்காம்டன் ஊர்ப் பக்கம் முப்பதைத் தாண்டியது.

அது இருக்கட்டும், அடுத்த நாள் வந்த செய்திதான் என்னைத் தூங்கவிடவில்லை. கடற்கரை நகரங்களில் பனி குறையும் என்று முந்தின நாள் மதியமே வானிலை சேவைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கூடிப் பேசியிருக்கிறார்கள். கடைசி நேரத்தில் எண்ணைக் குறைத்தால், ஆபத்தே போய்விட்டது என்று ஜனங்கள் தெருவில் இறங்கிவிடுவார்கள். கார் வைப்பர் மாதிரி இப்படியும் அப்படியும் மாற்றிக்கொண்டிருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் எச்சரிக்கையை அப்படியே விட்டுவிட்டார்கள்.

இரண்டு வருடம் முன்னால், 2015 ஜனவரியில், இதே நியூயார்க்குக்கு 20 முதல் 30 அங்குலம் என்று சொல்லி, பனிக்காகச் சுரங்க ரயிலை வரலாற்றில் முதல்முறையாக நிறுத்தி, கடைசியில் சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலம் விழுந்தது. அன்று மவுண்ட் ஹாலி அலுவலகத் தலைவர் ட்விட்டரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அது தவறு, ஆனால் நேர்மையான தவறு. நினைத்ததைச் சொன்னார்கள், நடக்கவில்லை. 2017இல் நினைத்தது ஒன்று, சொன்னது ஒன்று. ஆலன் மர்ஃபி என்ற வானிலையாளர் 1993இல் ஒரு கட்டுரையில் நல்ல கணிப்புக்கு மூன்று இலக்கணம் சொல்கிறார். அவற்றில் முதலாவது, கணிப்பவன் மனதில் இருப்பதும் வாயில் வருவதும் ஒன்றாக இருப்பது. பலிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

2017இல் வானிலை சேவைக்காரர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்? உங்களுக்குப் பயந்துதான், சுந்தர். தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஒரே ஒரு எண்ணைக் கேட்டு, நோட்டில் எழுதி, மறுநாள் ஸ்கேலோடு காத்திருக்கிற உங்களுக்கும் உங்களைப் போன்ற லட்சம் பேருக்கும். "மூன்றிலிருந்து பத்து வரை எதுவும் ஆகலாம்" என்று ஒருவன் உண்மையைச் சொன்னால் அதை எழுத உங்கள் நோட்டில் கட்டமே இல்லை. பார்த்தேன், ஒரே ஒரு கட்டம்தான் போட்டிருக்கிறீர்கள்.

அப்பாவின் காகிதத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் தாலுகா ஆபீஸ் வளாகத்தில் கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலை எட்டரைக்கு அளந்து எழுதுவது அப்பாவின் வேலை. எனக்குப் பதிமூன்று வயதிருக்கும்போது, ஐப்பசியில் ஒரு நாள், அப்பாவுக்குக் கடும் காய்ச்சல். என்னைப் போகச் சொன்னார். நான் வழியில் வாய்க்காலில் மீன் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குப் போய் அளந்தேன். 62 மில்லிமீட்டர். வந்து சொன்னேன்.

"எட்டரைக்கா அளந்தே?"

"ஆமாப்பா."

என் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. எட்டரைக்கு மழை விட்டிருந்தது, ஒன்பதுக்குத்தான் மறுபடி பிடித்தது என்பது படுத்திருந்தவருக்கும் தெரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் எழுந்து ஆபீஸ் போய் அந்தத் தேதிக்கு எதிரே "அளக்கவில்லை" என்று எழுதிவிட்டார். சுற்று வட்டாரமெல்லாம் வெள்ளக்காடாக இருந்த அன்று எங்கள் ஊருக்கு மட்டும் எண் கிடையாது.

போன வாரம் பெட்டியில் கிடைத்தது, மேலிடத்திலிருந்து வந்த விளக்கம் கேட்கும் மெமோவும் அதற்கு அப்பா எழுதிய பதிலின் நகலும். உடல்நலக் குறைவால் உரிய நேரத்தில் அளவு எடுக்கத் தவறிவிட்டேன், மன்னிக்கவும் என்று எழுதியிருக்கிறார். அதில் நான் இல்லை. இத்தனை வருடமாக அப்படி ஒரு மெமோ வந்ததே எனக்குத் தெரியாது.

அதனால்தான் கார் கூரை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. கூரையில் காற்று பனியை வாரிக்கொண்டு போகும், காரின் சூட்டில் அடியில் உருகும். 2016 ஜனவரிப் புயலில் உங்கள் நூவார்க் விமான நிலையத்தில் 28.1 அங்குலம் என்று பதிவானதையே, மணிக்கொரு தரம் அளந்து துடைத்துக் கூட்டிவிட்டார்கள் என்று பிறகு செல்லாது என்றார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் பனி அளக்கும் பலகையைத் துடைக்கக் கூடாது. அதே புயலுக்கு சென்ட்ரல் பார்க்கில் 26.8 என்று சொன்னதை 27.5 என்று திருத்தினார்கள். சம்பளம் வாங்கி அளப்பவர்கள் கதையே இது.

டிசம்பருக்குள் ஒரு ப்ளைவுட் பலகைக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, கொல்லையில் மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி, தரையோடு தரையாக வையுங்கள். பக்கத்தில் ஒரு கொடிக்குச்சி நட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பனி மூடியதும் பலகை எங்கே என்று தேடுவீர்கள். நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: குறைந்தது எவ்வளவு, கூடினால் எவ்வளவு, எத்தனை சதவீதம். அளக்க முடியாமல் போன நாளில் அப்படியே எழுதிவிடுங்கள். ஏப்ரலில் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினால் நான் எண்ணித் தருகிறேன், ஞாயிறு மதியம் எனக்கு வேறு வேலை கிடையாது.